அசையாமல் உட்காருங்கள்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், இருசக்கர வண்டிகள் பழுதுபார்க்கும் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் அலுவலகம். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட வீடியோ தயாரித்துக் கொடுக்கிறோம். என்னைச் சேர்த்து ஒன்பது பேர். நோய்க்காலத்தில் எல்லோரும் கணினியைத் தூக்கிக்கொண்டு அவரவர் ஊருக்குப் போனார்கள். நோய் போன பிறகும் யாரும் திரும்பி வரவில்லை. முதலாளிக்கும் அது பிடித்துப்போயிற்று. மாடியில் நான் மட்டும் மிஞ்சினேன்.

என் வேலை நெட்டைப் பங்கு வைப்பது. வெளியில் சொன்னால் இதெல்லாம் ஒரு வேலையா என்பார்கள். ஒரு குடம் தண்ணீரை ஒன்பது வீட்டுக்குப் பங்கு வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும். ஊரில் இருந்த எட்டுப் பேருக்கும் அலுவலகத்திலிருந்து சிம் போட்ட ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி கொடுத்திருந்தோம். அந்த எட்டுப் பெட்டிகளையும் பெரம்பலூரில் உட்கார்ந்தபடியே என்னால் திறக்க முடியும், பூட்ட முடியும். தினமும் காலை ஒன்பதரை மணிக்கு மீட்டிங். முந்தின நாள் தயாரான பாடத்தை ஓடவிட்டு எல்லோரும் சேர்ந்து பார்ப்போம், திருத்தம் சொல்வோம். பேச்சும் படமும் பாடமும் ஒரே நேரத்தில் அந்த மெல்லிய சிக்னலில் போய் வந்தாக வேண்டும்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பதுதான் என் கொள்கை. முதலில் குரல், அடுத்து பாடம், கடைசியில் முகம் என்று ஒரு தாளில் பெரிதாக எழுதி என் மேஜைக்கு எதிரே ஒட்டி வைத்திருந்தேன். குரல் விட்டுவிட்டு வந்தால் பேசியது புரியாது. பாடம் திக்கினால் தப்பு எது, நெட் எது என்று தெரியாது. முகம் கொஞ்சம் மங்கினால் என்ன குடிமுழுகிப் போகிறது? அப்படித்தான் அப்போது நினைத்தேன்.

முகத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. படத்தில் எது மாறுகிறதோ அதை மட்டும்தான் மென்பொருள் திரும்பத் திரும்ப அனுப்பும். மாறாமல் கிடப்பதை அனுப்பாது. ஆள் தலையாட்டினால், பின்னால் காலண்டர் படபடத்தால், ஃபேன் சுற்றினால், அத்தனையும் நெட்டைத் தின்னும். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து நான் சட்டம் போட ஆரம்பித்தேன். வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார வேண்டும். காலண்டர், கடிகாரம், சாமி படம் எதுவும் பின்னால் இருக்கக் கூடாது. ஃபேனை நிறுத்த வேண்டும். வெளிச்சத்தம் வராமல் கதவைச் சாத்தி, அடியில் ஒரு துணியைச் செருக வேண்டும். காதில் ஹெட்போன் போட வேண்டும், முறை வரும்வரை மைக்கை மூடி வைக்க வேண்டும். போனுக்கு வரும் அழைப்புகளை வேறு நம்பருக்குத் திருப்பி விட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அசையாமல் உட்கார வேண்டும்.

முதலில் சிரித்தார்கள். பிறகு பாடம் திக்காமல் ஓடுவதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். எனக்கு டீச்சரம்மா என்று பெயர் வைத்தார்கள். யாராவது வேலையை முடிக்காமல் வந்து "நெட் சரியில்ல மேடம்" என்றால் நான் விட மாட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம்தான்.

எங்கள் திரையில் யாருக்கும் பெயர் கிடையாது. சிம் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர்ப் பெயர்தான் கட்டத்துக்குக் கீழே இருக்கும். திருமானூர், கீழப்பழுவூர், ஜெயங்கொண்டம், செந்துறை என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வெள்ளைச் சுவர், அதன் முன்னால் ஒரு அசையாத முகம். ஒருமுறை சனிக்கிழமை வீட்டிலிருந்து மீட்டிங் நடத்தினேன். காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மாமியார் எட்டிப் பார்த்தார்.

"இதெல்லாம் உசுரோட இருக்கறவங்களாடி?" என்று கேட்டார்.

"ஏன் அத்தை?"

"மால போடறதுக்கு முன்னாடி மாட்டி வச்ச படம் மாதிரி இருக்கு. வூட்டுல வச்சு இதப் பாக்காத."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அன்று மதியம் சாப்பிடும்போது அது நினைவுக்கு வந்து, பாதியிலேயே கை கழுவிவிட்டேன்.

என் மேஜையில் இரண்டாவது திரை ஒன்று உண்டு. அதில் முகங்கள் இல்லை, கோடுகள் மட்டும். ஊருக்கு ஒரு கோடு. யார் எவ்வளவு நெட்டை எடுக்கிறார்கள் என்று அது காட்டும். எவ்வளவு அசையாமல் உட்கார்ந்தாலும் கோடு முழுதாகப் படுத்துவிடாது. கண் சிமிட்டும்போதும், எச்சில் விழுங்கும்போதும், மூச்சில் நெஞ்சு ஏறி இறங்கும்போதும் லேசாக நடுங்கும். கொஞ்ச நாளில் அந்த நடுக்கத்தை வைத்தே யார் தூங்கி வழிகிறார்கள், யார் கோபமாக இருக்கிறார்கள் என்று சொல்லுமளவுக்கு வந்துவிட்டேன். கீழே கடையில் ஸ்பேனர் சத்தம் கேட்கும். மேலே ஆளில்லாத அறையில் எட்டுப் பேரின் மூச்சு கோடாக ஓடிக்கொண்டிருக்கும். சில காலைகளில் அதைப் பார்க்கக் கை சில்லிட்டுவிடும். இருந்தாலும் அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த எட்டுப் பேரில் என் சட்டத்தை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தவர் திருமானூர் சார். ஐம்பது தாண்டியவர். முன்பு டியூஷன் நடத்தியவர். எங்கள் பாடங்களில் பேசும் குரல் அவருடையதுதான். கொள்ளிடக் கரைக்குக் கொஞ்சம் முன்னால், கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே வீடு. அங்கே சிக்னல் எப்போதும் இழுபறி. வெள்ளைப் பெட்டியை மாட்ட நான்தான் போயிருந்தேன். மற்ற யாரும் அந்த வீட்டைப் பார்த்ததில்லை.

அந்தப் பெட்டியில்தான் அவர் மனைவியின் போனும் ஓடியது. அந்த அம்மாவுக்கு அடுப்படியில் பக்திப் பாட்டு வீடியோ ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் சிக்னல் தாங்காது. அதனால் அந்த வீட்டுக்கு இரண்டு நிலை வைத்தேன். ஒரு பட்டனைத் தட்டினால் மீட்டிங் நிலை. அவர் கணினிக்கு மட்டும் நெட், பாட்டு நின்றுவிடும். மீட்டிங் முடிந்ததும் இன்னொரு பட்டனைத் தட்டுவேன், வீட்டு நிலை. பாட்டு ஓடும், அவர் படம் கலைந்துவிடும். தினமும் இரண்டு தட்டு.

"எங்க வூட்டம்மாவுக்குக் கடிகாரமே வேணாம் டீச்சரம்மா," என்று ஒருநாள் சொல்லிச் சிரித்தார். "பாட்டு நின்னா மீட்டிங் ஆரம்பிச்சாச்சு. பாட்டு ஓடுனா முடிஞ்சாச்சு, உடனே காபி வந்துடும். நீங்க பெரம்பலூர்ல பட்டனத் தட்டுறீங்க, எனக்கு இங்க காபி வருது."

அது ஆடி மாதம். காற்று ஜன்னல் தகரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தது. ஆடிக் காற்றில் சிக்னலும் ஆடும் என்று சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, அன்று காலை எல்லாக் கோடுகளும் மெலிந்திருந்தன. கிரகணத்தைப் பற்றிய பாடத்தை ஓடவிட்டோம். சூரியனை நிலா மறைப்பதை அவருடைய குரல் நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தது. கட்டத்தில் அவர் வாயை மூடி, வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தன் குரலைத் தானே கேட்பவர் எப்போதும் அப்படித்தான் உட்காருவார்.

பாடம் பாதியில் திக்கியது. கோடுகளைப் பார்த்தேன். கீழப்பழுவூரின் கோடு குதித்தது. அது எங்கள் வீடியோவை வெட்டி ஒட்டும் பெண். முடியை ஒதுக்குவாள், முகவாயைத் தடவுவாள், ஒரு இடத்தில் இருக்க மாட்டாள். பாடத்தை நிறுத்திவிட்டு மைக்கைத் திறந்தேன்.

"பழுவூர், எத்தன தடவ சொல்றது? திருமானூர் சாரப் பாருங்க. எல்லாரும் பாருங்க. எப்படி உக்காந்திருக்காரு. அப்படி உக்காரணும்."

எல்லோரும் பார்த்தார்கள். கட்டங்களில் அவ்வளவு பேரின் கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது. செந்துறைக்காரர் மைக்கைத் திறந்து, "சாரு செல மாதிரில்ல இருக்காரு," என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாடத்தை மறுபடி ஓடவிட்டேன்.

பாடம் முடிந்தது. ஒரு வரியை மட்டும் திரும்பப் பேசிப் பதிய வேண்டியிருந்தது.

"சார், அந்தக் கடைசி வரிய ஒருதடவ பேசிடுறீங்களா?"

பதில் இல்லை.

"சார், மைக்கத் தொறங்க."

அவர் என்னையே பார்த்தபடி இருந்தார்.

"ஸ்டக் ஆயிட்டாரு போல மேடம்," என்றாள் பழுவூர்ப் பெண்.

இரண்டாவது திரையைப் பார்த்தேன். திருமானூரின் கோடு படுத்துக் கிடந்தது. மெலிந்துபோயிருந்த அதில் நடுக்கமே கண்ணுக்குத் தெரியவில்லை. நெட் போய்விட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. வேறு என்ன தோன்றும்? பதினைந்து வருஷமாக நான் பார்ப்பது நெட்டைத்தான். ஆள் அசையாவிட்டால் நெட் போச்சு என்றுதான் அர்த்தம். சரி, ஒரு நிமிஷத்தில் சரி செய்துவிடலாம் என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த நேரத்தில் எனக்கு உற்சாகமாகக்கூட இருந்தது. அதைச் சொல்லாமல் மறைத்தால் இதை எழுதுவதிலேயே அர்த்தமில்லை.

மற்றவர்களின் முகங்களை ஒவ்வொன்றாக நிறுத்தினேன். ஜெயங்கொண்டம் இருண்டது. செந்துறை இருண்டது. பழுவூர் இருண்டது. ஏழு கட்டமும் கறுப்பானதும் அவர்கள் விட்ட இடமெல்லாம் அவருக்கு வந்தது. அவர் பெட்டியில் படத்தின் தரத்தைப் படிப்படியாக ஏற்றினேன். கட்டம் கட்டமாகத் தெரிந்த முகம் தெளிய ஆரம்பித்தது. சட்டைப் பித்தான் தெரிந்தது. மீசை நரை தெரிந்தது. நெற்றியில் காலையில் பூசிய விபூதி தெரிந்தது. அவ்வளவு தெளிவாக அவரை நான் திரையில் பார்த்ததே இல்லை. ஆனாலும் அவர் அசையவில்லை.

அப்போது அவர் தலைக்கு மேலே, சுவரில், ஒரு பல்லி ஓடியது.

வலது ஓரத்திலிருந்து நடுச்சுவர்வரை வந்து நின்றது. தலையைத் தூக்கிப் பார்த்தது. மறுபடி ஓடியது. நான் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டேன். படம் நின்றிருந்தால் பல்லி எப்படி ஓடும்?

படம் நிற்கவில்லை. நெட் போகவில்லை. அந்தப் பக்கம் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது, அவரைத் தவிர. முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாயின் வலது ஓரம் இறங்கி, எச்சில் மெல்லிய கோடாக முகவாய்க்கு வந்திருந்தது. கண் மட்டும் உயிரோடு இருந்தது. பல்லி போன பக்கம் அது போகவில்லை. கேமராவைப் பார்த்தது, கீழே போனது, மறுபடி கேமராவைப் பார்த்தது. அவர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகக் கூப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

"சாருக்கு என்னமோ ஆயிடுச்சு," என்றேன். கறுப்புக் கட்டங்களிலிருந்து ஏழு குரல்கள் ஒன்றாகப் பேசின. யாரும் சொல்வது புரியவில்லை.

போன் போட்டேன். அழைப்பு திரும்பி வேறு நம்பருக்குப் போனது. அந்த நம்பர் அணைந்திருந்தது. திருப்பிவிடச் சொன்னது நான். கத்திக் கூப்பிட்டால் வீட்டில் யாருக்காவது கேட்குமா என்றால், என் சத்தம் அவருடைய ஹெட்போனுக்குள் மட்டும்தான் போகும். ஹெட்போன் போடச் சொன்னதும் நான்தான். அவர் முனகினால்கூட எங்களுக்குக் கேட்காது, மைக் மூடியிருந்தது. கதவும் சாத்தியிருந்தது, அடியில் துணி. நான் போட்ட சட்டம் ஒவ்வொன்றும் அந்த அறையைச் சுற்றி ஒரு செங்கல்லாக எழும்பி நின்றது.

அலுவலகக் கோப்பை இழுத்துப் புரட்டினேன். அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற இடத்தில் அவர் தன்னுடைய இன்னொரு நம்பரை, அந்த அணைந்திருந்த நம்பரையே எழுதியிருந்தார். மனைவியின் நம்பர் எங்கும் இல்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பக்கத்துத் தாளில் நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். எங்களில் பாதிப்பேர் அப்படித்தான் எழுதியிருந்தோம்.

பழுவூர்ப் பெண் "நான் ஸ்கூட்டியில கெளம்புறேன் மேடம்," என்றாள். கீழப்பழுவூரிலிருந்து திருமானூர் போக எப்படியும் அரை மணி ஆகும். செந்துறைக்காரர் ஆம்புலன்சைக் கூப்பிட்டார். வாய்க்கால் பாலம், அரிசி மில், அதற்கு அடுத்த சந்து என்று நான் அடையாளம் சொல்லச் சொல்ல அவர் அந்தப் பக்கம் சொன்னார். அவர்கள் வருவார்கள். ஆனால் வந்து கதவைத் தட்டும்வரை, இருபதடி தூரத்தில் அடுப்படியில் இருக்கும் அந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. பாட்டு நின்றிருக்கிறது, மீட்டிங் நடக்கிறது, அந்தப் பக்கம் போகக் கூடாது என்று இருப்பார்.

பாட்டு நின்றிருக்கிறது என்று நினைத்ததும்தான் காபி நினைவுக்கு வந்தது.

என் கை பட்டனுக்குப் போய் நின்றுவிட்டது. வீட்டு நிலைக்கு மாற்றினால் பாட்டு ஓடும். ஆனால் அவருடைய படம் போய்விடும். அந்தக் கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்த உலகத்தில் அந்த நேரம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான். நானும் பட்டனைத் தட்டிவிட்டுப் போய்விட்டால், அந்த அம்மா வராமல் போனால்? எனக்கு அழுகை வந்தது. மைக்கில் வாயை வைத்து, அவர் காதுக்குச் சொன்னேன்.

"சார், நான் இருக்கேன். அம்மா வருவாங்க. அசையாதீங்க."

பழக்க தோஷத்தில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. பட்டனைத் தட்டினேன்.

அவர் முகம் முதலில் மங்கியது, பிறகு சதுரம் சதுரமாக உடைந்தது. கண் இருந்த இடத்தில் ஒரு பழுப்புச் சதுரம். சுவர் வெள்ளைச் சதுரங்கள். இரண்டாவது திரையில், திருமானூர்க் கோட்டுக்குக் கீழே தனியாக, அந்த அம்மாவின் போன் நெட்டைக் குடிக்க ஆரம்பித்தது தெரிந்தது. பாட்டு ஓடுகிறது. திருமானூரில் எனக்குக் கேட்காத ஒரு பாட்டு ஓடுகிறது. கீழே கடையில் யாரோ வண்டியை முறுக்கிப் பார்த்தார்கள். பால் காய எவ்வளவு நேரமாகும், தூளைப் போட எவ்வளவு நேரமாகும், ஆற்ற எவ்வளவு நேரமாகும் என்று என் மனம் கணக்குப் போட்டது. அவ்வளவு நேரமும் அந்தச் சதுரங்கள் மாறவே இல்லை.

பிறகு இடது ஓரத்தில் ஒரு சதுரம் மஞ்சளானது.

மஞ்சள் நடுவுக்கு வந்தது. நின்றது. பின்வாங்கியது. திரையிலிருந்தே போய்விட்டது. மறுபடி வந்தது, இம்முறை வேகமாக. மஞ்சளும் வெள்ளையும் பழுப்பும் ஒன்றோடொன்று கலந்து சிதறின. திருமானூரின் கோடு விருட்டென்று எழுந்து திரையின் உச்சியை முட்டியது. இரண்டு வருஷத்தில் அந்தக் கோடு அவ்வளவு உயரம் போய் நான் பார்த்ததில்லை. அங்கே ஒரு பெண் அலறிக்கொண்டிருக்கிறாள் என்று அந்தக் கோட்டை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். சத்தம் ஒன்றும் வரவில்லை.

ஆம்புலன்ஸ் வந்து, கொள்ளிடப் பாலம் தாண்டித் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். உயிர் தப்பியது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது.

மறுநாள் கோடுகளின் பதிவை எடுத்துப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். ஒன்பது நாற்பத்தொன்றுக்குத் திருமானூரின் கோடு ஒருமுறை துள்ளி, படுத்துவிட்டது. நான் பழுவூர்ப் பெண்ணைத் திட்டியது ஒன்பது நாற்பத்து மூன்றுக்கு. வீட்டு நிலைப் பட்டனைத் தட்டியது ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு. நடுவில் பதினொரு நிமிடம். வீட்டில் கணவர், "நீ இல்லன்னா இன்னும் மோசமாயிருக்கும்," என்றார். மாமியார் எதுவும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் சரியாகப் பட்டது.

சட்டங்களைக் கிழித்துப் போட்டேன். ஃபேன் ஓடட்டும், கதவு திறந்திருக்கட்டும், நன்றாக அசைந்து உட்காருங்கள் என்றேன். அவர்களுக்கு வரவில்லை. இரண்டு வருஷப் பழக்கம். மீட்டிங் தொடங்கியதும் ஒவ்வொருவராக விறைத்துப் போனார்கள். "கையத் தூக்குங்க," என்றால் தூக்கிவிட்டு, அதே இடத்தில் வைத்துக்கொண்டு மறுபடி உறைந்தார்கள். திருமானூர் என்ற கட்டம் மட்டும் கறுப்பாக இருக்கும். அதை நீக்க எனக்குக் கை வரவில்லை. பாடங்களில் அவருடைய பழைய குரல் ஓடிக்கொண்டேதான் இருந்தது. அதைக் கேட்டு ஏழு பேரும் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். நான் முகங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கோடுகளின் நடுக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

கார்த்திகையில் அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது. இப்போது கொஞ்சம் பேசுகிறார், உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்று. அரியலூரில் பஸ் மாறித் திருமானூர் போனேன். வெள்ளைப் பெட்டியை முன்பே திருப்பி அனுப்பியிருந்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் பையில் போட்டுக்கொண்டேன்.

அந்த அம்மா வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாட்டு ஓடுச்சும்மா. மீட்டிங்கு சீக்கிரம் முடிஞ்சிடுச்சேன்னு காபியக் கலந்து எடுத்துட்டுப் போனேன். மேச மேல வச்சேன். எப்பவும் திரும்பிப் பாக்காமலே கைய நீட்டி எடுத்துக்குவாரு. அன்னிக்குக் கை வரல. செலயாட்டம் உக்காந்திருக்காரு. அப்பவும் இன்னும் மீட்டிங்கு ஓடுது போல, தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு வெளிய வந்துட்டேம்மா. வாசப்படி தாண்டுனப்பறம்தான் மனசு கேக்கல."

அந்த மஞ்சள் புடவை ஏன் பின்வாங்கியது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவர் அதே நாற்காலியில், அதே சுவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். இடது பக்கம் மட்டும் சிரித்தது. குரல் முன்புபோல இல்லை. ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசினார்.

"கேட்டுச்சு," என்றார். "அன்னிக்கு. எல்லாம் கேட்டுச்சு. ரெண்டு கையும்தான்... வரல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீங்க சொன்னீங்க. சாரப் பாருங்கன்னு."

"மன்னிச்சுடுங்க சார்."

இடது கையை ஆட்டி, அது இல்லை என்றார். நெடுநேரம் எடுத்துக்கொண்டார். "எனக்கு... சந்தோசமா இருந்துச்சு. அப்பாடா, பாக்கச் சொல்லிட்டாங்க. இனிமே தெரிஞ்சிடும். எட்டுப் பேரும்... பாத்தீங்க. நானும் பாத்தேன், எல்லாரும் என்னையே பாத்தீங்க." நிறுத்தி மூச்சு வாங்கினார். "அப்பறம் சிரிச்சீங்க."

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அந்த அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார்.

பிறகு அவர் என் பையைக் காட்டினார். பெட்டியின் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "மாட்டுங்க. நானும் வரேன். பேசறது... பழகணும்."

மாட்டினேன். மீட்டிங் நிலை, வீட்டு நிலை என்ற இரண்டையும் எடுத்துவிட்டேன். அந்த வீட்டுக்கு இனி ஒரே நிலைதான். அடுப்படியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய கணினியை அவர் முன்னால் வைத்து, என் மடிக்கணினியைத் திறந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். என் திரையில், நான்கு மாதமாகக் கறுப்பாக இருந்த திருமானூர் கட்டத்தில் அவர் முகம் வந்தது.

"இப்ப அசையலாமா டீச்சரம்மா?" என்று கேட்டார்.

"கைய ஆட்டுங்க சார்."

இடது கையைத் தூக்கினார். மெதுவாக இரண்டு தரம் ஆட்டினார். இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். என் திரையில் அவர் இன்னும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். பிறகுதான் திரையில் அந்தக் கை எழுந்தது.

"வந்துடுச்சா?" என்றார்.

"வந்துடுச்சு சார்," என்றேன்.